மேல்வீட்டு மகனின் பங்கு

சென்ட் லோரன்ட்,
மொன்றியல்.

அன்புள்ள மகள் நிருஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், குளிர் போன பிறகும் அவருடைய முழங்கால் நோவு மட்டும் போகவில்லை. நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்கப் பிள்ளையார் துணையிருப்பார்.

ஓகஸ்டில் மெல்பேணில் இருந்து வந்து மூன்று நாள் ஹோட்டலில் நிற்கப்போவதாகவும், "கரைச்சல்படாதேங்கோ அம்மா, வெளியிலை சாப்பிடுவம்" என்றும் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். நல்ல பெருந்தன்மை. எனக்குக் கரைச்சல் என்று உனக்கு யார் சொன்னது? மேல்வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரி ரோவேனாவை நினைவிருக்கும்தானே, முந்தி ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை முழுக்க வாழையிலை விரித்துச் சோற்றைக் குவித்து வைக்க, அந்தக் குடும்பமே சுற்றிநின்று ஒரே குவியலில் கை வைக்கும். எச்சில் பாராத சனம் என்று நான் முகம் சுழிப்பேன். இப்போது அந்தக் குவியலும் இல்லை. புருசனுக்குத் துறைமுகத்தில் நேரம் மாறி மாறி வேலை, மகள் அறைக்குள் போனைப் பார்த்தபடி டப்பாச் சாப்பாடு. ஒரே கூரைக்குள் ஆளுக்கொரு சாப்பாட்டுக்கடை, வெட்கக்கேடு.

போன ஞாயிறு அவளுடைய மகன் ஜெராட் வன்கூவரில் இருந்து மனைவியோடு வந்தான். அவள் இரண்டு நாளாகச் சமைத்து, பழையபடி இலை விரித்து வைத்திருந்தாள். துரையோ கடையில் சாப்பிட்டுவிட்டு வந்து நின்றார், தாய்க்குச் சிரமம் கொடுக்கக் கூடாதாம். தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு ஹோட்டலுக்குப் போய்விட்டார். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை, அந்த மண்ணாங்கட்டிப் பொறுமையும் எனக்கு எரிச்சல்தான். பிறகு கீழே வந்து எங்களைக் கூப்பிட்டாள். எங்கள் ஆட்களின் வழக்கப்படி சாப்பிட்டாயிற்று என்று பொய் சொன்னேன், அவள் கண்ணுக்கு முன்னால் என் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஒருதரம் மறுப்பதை அவர்கள் மறுப்பாக எடுப்பதில்லை போலும், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அப்பா கூச்சமில்லாமல் குவியலில் கை வைத்தார், நானும் வைத்தேன். மகனுக்கென்று வைத்திருந்த மீன்தலையை என் பக்கம் தள்ளி, "அவனுக்கு இதுதான் விருப்பம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். தின்றேன். அவளுடைய மகனை நான் மனதுக்குள் திட்டத் திட்ட உன் முகம்தான் வந்தது, பிள்ளை.

ஹோட்டல் படுக்க மட்டும். இரும்புச்சத்துக் குளிசையை விடாமல் போடு. இரண்டுபேரும் நூறாண்டு நல்லாயிருங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் வருவதென்றால் வரவேண்டாம், கதவு திறக்கமாட்டேன். எழுதியதை அழிக்கப்போவதில்லை.

இப்படிக்கு,
அம்மா ஜெகதீஸ்வரி