வாசலில் கிடந்த ஏழு வீட்டுத் துணி

அன்புள்ள அத்தை,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. ஒரே அடுப்படியில் நின்ற நாட்களில் வாயால் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது காகிதத்தில் எழுதுகிறேன். செத்துப்போன மாமியாருக்கு மருமகள் கடிதம் எழுதுகிறாள், அதையும் பத்திரிகைக்கு அனுப்புகிறாள் என்று நம் காஜா பேராங் வட்டாரத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்று பொய்யை அடுத்தவர் காதில் விழும்படிதானே சொன்னேன்? உண்மையையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் பேரன் சேதி. தூளிச் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு பல். அவன் இருமினால் நான் இன்னும் பாதிச் சோற்றில் எழுந்து ஓடுகிறேன். மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன். "பல்லு மொளைக்கிற பிள்ள இருமாம என்ன செய்யும்? போய்ச் சாப்புடு" என்று அதட்ட ஆள் இல்லை. நீங்கள் பார்க்காமல் போன மெர்டேக்கா சுதந்திர நாளன்று அவன் உங்கள் மகன் தோளில் உட்கார்ந்து எல்லாக் கொடிக்கும் கை நீட்டினான்.

அவனுக்கு முன்னால் பிறந்த பெண் முப்பத்தொரு நாள்தான் இருந்தாள். அதனால்தான் இவனை நீங்கள் பிச்சைமுத்து என்று கூப்பிட்டீர்கள். எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்தது!

"அவன் பேரு செல்வராஜன், அத்தை. சர்டிபிகேட்டுல அதான் இருக்கு."

"சர்டிபிகேட்டுல அது இருக்கட்டும்மா. என் வாயில இது இருக்கட்டும்."

அதே வாரம் அந்தத் துணியையும் கொண்டு வந்து விரித்தீர்கள். பச்சைப் பூ, காக்கி, சீத்தை, கட்டம் என்று ஒன்றோடொன்று சேராத துண்டுகளை ஒட்டுப் போட்ட விரிப்பு. மிஞ்சியதில் ஒரு கடுகுத் தலையணை, ஒரு குல்லாய், தூளிக்கு மேலே தொங்க ஒரு பஞ்சுக் கிளி. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "பெண்டஹாரா ரோட்டுல நானா துணிக்கடைத் தையல்காரரு ஒதுக்கிப் போட்டது. வீணாப் போவுதேன்னு கேட்டு வாங்கியாந்தேன்" என்றீர்கள். நம்பினேன். கடைக்குப்பை என்றுதான் அதைப் பார்த்தேன்.

புஷ்பம் டீச்சர் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அதை மறக்க வழியில்லை. என்னோடு பயிற்சிக் கல்லூரியில் படித்தவர், இப்போது என் பள்ளியிலேயே வேலை. காரில் வந்து இறங்கினார். பிள்ளையைக் குனிந்து பார்த்தவர் கண் துணிக்குப் போனது.

"என்ன விமலா, பிள்ளைய ஒட்டுத்துணியில போட்டு வச்சிருக்க?"

"ஐயோ, அது கால்மிதி, டீச்சர். அத்தைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மாத்தி விரிச்சிட்டாங்க."

காபித் தட்டோடு வாசற்படியில் நீங்கள் நின்றதை நான் சொல்லி முடித்த பிறகுதான் பார்த்தேன். நீங்கள் ஒரு கணம் கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஆமா டீச்சரம்மா, மாத்திப் போட்டுட்டேன்" என்று தட்டை வைத்தீர்கள், பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தீர்கள், துணியை உருவிக்கொண்டு போய் வாசலில் போட்டீர்கள். என் பொய்க்கு நீங்களே சாட்சி சொன்னீர்கள். புஷ்பம் டீச்சர் கிளம்பும்போது அதன்மேல் சப்பாத்தோடு நடந்து போனார்.

அன்றைக்கே அதை எடுத்துத் துவைத்திருக்கலாம். செய்யவில்லை. பிள்ளைக்கு வெள்ளைப் பிளானல் வாங்கி விரித்தேன். நீங்கள் சண்டை போடவில்லை, முகம் தூக்கவில்லை. ஆனால் வாசலில் வரும்போதும் போகும்போதும் அந்தத் துணியைத் தாண்டித்தான் கால் வைத்தீர்கள். முட்டி வலியோடு ஏன் இப்படித் தாண்டுகிறார் என்று நினைத்தேனே தவிர, ஒரு முறையாவது கேட்டேனா?

போன மாதம் மழையில் பிபீக் வந்தார். சிட்டி இனத்தார் கம்பத்தில் இருக்கும், நம்மைப் போலவே கோயில் கும்பிட்டு மலாயில் மட்டும் பேசும் அந்த அம்மா. கையில் குவேப் பலகாரம் வைத்திருந்தார். வாசலிலேயே நின்று, டீச்சரான என்னை வழக்கம்போல ‘சிக்கு’ என்று அழைத்து மலாயில் கேட்டார்: "சிக்கு, பையன் படுக்கிற துணி எங்கே? என் துண்டு அதில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்."

எனக்குப் புரியவில்லை. அவர்தான் சொன்னார். பிள்ளை தங்காத வீடு என்றால், பிள்ளைகள் நல்லபடியாக இருக்கும் ஏழு வீட்டில் துணி பிச்சை கேட்டுத் தைத்து, அடுத்த பிள்ளையை அதில் கிடத்த வேண்டுமாம். பிச்சைக்காரப் பிள்ளையை எமன் எட்டிப் பார்க்க மாட்டானாம். உங்களுக்கு மலாய் வராது. பிபீக் வீட்டு வாசலில் முந்தானையை விரித்து, கையைத் தொட்டில்போல ஆட்டி, ஒரு விரலை வானத்துக்குக் காட்டினீர்களாம். அவர் தன் பச்சைப் பூப் போட்ட கெபாயா ரவிக்கையின் ஒரு கையை வெட்டிக் கொடுத்தாராம்.

பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கக்கூடக் கூசுகிற நீங்கள், அத்தை.

"துவைத்து உள்ளே வைத்திருக்கிறேன், பிபீக்" என்றேன். இரண்டாவது பொய். அவர் தலையாட்டிவிட்டுக் குனிந்தார். அவருடைய கட்டைவிரலுக்குக் கீழே சேற்றோடு பச்சைப் பூ. மெதுவாகக் காலை எடுத்து ஓரமாக நின்றார். "சாரல் அடிக்கிறது, சிக்கு. அதை உள்ளே எடுத்து வை" என்று மட்டும் சொல்லிக் குவேயை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நாலு தண்ணீரில் அலசினேன். சேறு போயிற்று, கறை போகவில்லை. கையில் வைத்துப் பார்த்தபோதுதான் தையலைப் பார்த்தேன். மெல்லிய துண்டுகளை இரட்டையாக மடித்து, காக்கியின் கனத்துக்குச் சமமாக்கித் தைத்திருந்தீர்கள். எறும்பு வரிசை மாதிரித் தையல். உங்களுக்கா கண் தெரியாது என்றேன்? கல்லூரியில் நான் துண்டுத்துணியில் ஊசி குத்தும் மெத்தை செய்து காட்டினேன். கைவேலை என்று பாராட்டி மேசைமேல் வைத்தார்கள். அதையே நீங்கள் செய்தபோது நான் வாசலுக்கு அனுப்பினேன்.

கால் பட்டதை இனிப் பிள்ளைக்கு விரிக்க முடியாது. நானா கடையில் ஒரு பை நிறையத் துண்டு வாங்கி வந்தேன். ஒரு கிளி, ஒரு யானை தைத்தேன். விரிப்புத் தைக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அந்தப் பையில் எவர் வீடும் இல்லையே.

"அப்ப அம்மா போன வீட்டுக்கெல்லாம் போ" என்றார் உங்கள் மகன். "நானா?" என்றேன். "வேற யாரு?"

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் பிபீக் வீட்டுக்குப் போனேன். மலாய் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வாசலில் நின்றதும் ஒரு சொல் வரவில்லை. உங்களைப் போல முந்தானையைத்தான் விரித்தேன். பிபீக் இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "சிக்குவும் பிச்சைக்கு வந்தாயிற்றா? இரு, இரு. ஒரு கையை மாமியாருக்குக் கொடுத்துவிட்டேன், மற்றக் கையை வைத்து நான் என்ன செய்ய?" என்று அதையும் வெட்டிக் கொடுத்தார்.

போலீஸ்காரர் மனைவி பாக்கியம் சிரிக்கவில்லை. "ஒங்க மாமியாருக்குக் காக்கி குடுத்தனே, அது என்னாச்சு?" என்றாள். சொன்னேன்.

"கால்மிதியாவா?"

தலையாட்டினேன்.

"நல்லாருக்கு டீச்சரம்மா, நீங்க படிச்ச படிப்பு." உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நின்றேன். காக்கித் துண்டோடு திரும்பி வந்தாள். "இது பிள்ளைக்கு. ஒங்களுக்கு இல்ல."

பிபீக்கிடமும் பாக்கியத்திடமும் விசாரித்து, இப்படி ஆறு வீடு முடிந்தது. ஒவ்வொரு வாசலிலும் நடந்ததைச் சொல்லித்தான் வாங்கினேன். ஆறையும் தைத்துவிட்டேன். என் தையல் உங்களுடையதுபோல இல்லை, காக்கி ஓரத்தில் சுருங்குகிறது. நடுவில் ஒரு சதுரம் காலியாக இருக்கிறது.

ஏழாவதாக நான் நினைத்திருப்பது நீங்கள் போகாத வீடு, புஷ்பம் டீச்சருடையது. அவருக்கு மூன்று பிள்ளைகள், மூவரும் நன்றாக இருக்கிறார்கள். வேறு வீடு கிடைக்காமல் இல்லை, அத்தை. ஆனால் அந்தச் சதுரத்தில் வேறு எந்தத் துணியை வைத்தாலும் அது மூன்றாவது பொய்யாகிவிடும். இரண்டு முறை அவர் தெருமுனை வரை போய்த் திரும்பிவிட்டேன். திங்கட்கிழமை பள்ளியில் ஆசிரியர் அறை முழுக்கப் பேசும் என்று பயம். நீங்கள் ஏழு வாசலில் நின்றபோது இப்படித்தான் கால் பின்வாங்கியதா?

இன்று மத்தியானம் இவனை முதல் தடவையாகப் பிச்சைமுத்து என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அந்தப் பெயர் மறந்துபோயிருக்கும். பழக வேண்டும், அவனும் நானும்.

வருகிற சனிக்கிழமை காலை, இவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீங்கள் தைத்த பழைய துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் படி ஏறுவேன். இது கால்மிதி இல்லை, என் அத்தைக்குக் கண் நன்றாகத் தெரியும் என்று சொல்வேன். அதற்குப் பிறகு முந்தானையை விரிப்பேன். அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்,
பிச்சைமுத்துவின் அம்மா