போயிட்டாரு என்ற சொல்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில். நாவலப்பிட்டிக் கொலை வழக்கு ஆரம்பம். எதிரிக் கூண்டில் சாந்தி, முப்பது வயதிருக்கும். கணவனைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. கண்ணால் கண்டவர் யாருமில்லை. எல்லாம் சூழ்நிலைச் சாட்சியம்.

என் வேலை சாட்சிகளின் தமிழை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்வது. எடை போடுவது அல்ல. ஆனாலும் பஸ்ஸில் போட்டுக்கொண்டே வந்தேன்:

– அன்றிரவு வீட்டில் இருவர் மட்டும்.
– சண்டைச் சத்தம். (எந்த வீட்டில் இல்லை?)
– விடியமுன் சேலை துவைத்திருக்கிறாள். நானும் துவைப்பேன்.
– காலை ஏழு மணிக்கு அவள் சொன்னது: "அவரு போயிட்டாரு." உடல் ஆற்றோரம் கிடைத்ததோ பகல் ஒரு மணிக்கு.

கடைசியை அவள் வாயால் கேட்டதாகச் சாட்சி சொன்னவர் பக்கத்துக் கடை ஹனிபா நானா. அந்தப் 'போயிட்டாரு'வை 'இறந்துவிட்டார்' என்று சிங்களத்தில் சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். அவளுடைய சட்டத்தரணிக்குத் தமிழ் தெரியாது. குறுக்கு விசாரணை வியாழன்.

சீப்பு வாங்க மறந்தேன்.

மார்ச் 5, புதன்

பல் துலக்கியபடி தம்பி எங்கே என்று கேட்டேன்.

"அவன் அப்பவே போயிட்டான். நீ இன்னும் கண்ணாடி முன்னாலயே நில்லு," என்றார் அம்மா.

போயிட்டான். பிரஷ்ஷும் கையுமாக அப்படியே நின்றேன்.

அப்பா இறந்து நான்கு மாதம். யார் போன் எடுத்தாலும் "அப்பா போயிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு என்னிடம் வேறு பொருளே மிஞ்சவில்லை. சாந்தி வெறுமனே 'வெளியே போய்விட்டார்' என்றிருக்கலாம். துப்பறியும் கதைகளில் தடயம் ஒரு பக்கம்தான் பொருந்தும். இங்கே எல்லாமே இரண்டு பக்கமும்.

பகல் சாப்பாட்டில் தட்டச்சு வாசுகியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரி, நேரே பேசுவாள்.

"பிழை விட்டதைச் சொல்லத்தான் வேணும். அதுக்காக வழக்கை உம்மட தலையில தூக்காதையும். உம்மைக் கேட்டது சொல்லை மாத்த. தீர்ப்புச் சொல்ல இல்லை."

"என் சொல்லால அவள உள்ள போட்டுட்டா?"

"ஓம், அதான் சொல்லும் எண்டுறன். முதல்ல அந்த வடையைச் சாப்பிடும்."

சாப்பிடவில்லை. பின்னேரம் மழை. நனைந்தேன். எப்படிச் சொல்வது என்று சிங்களத்தில் நாலு தரம் எழுதிக் கிழித்தேன்.

மார்ச் 6, வியாழன்

சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, ஒன்றை மட்டும் சொன்னது என் பிழை. நீதிபதி கடிந்துகொள்ளவில்லை. பதிவைத் திருத்தச் சொன்னார். அவளுடைய சட்டத்தரணி உற்சாகமாக எழுந்து ஹனிபா நானாவைக் கேட்டார்: அப்போது நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள்?

"டவுனுக்குப் போயிருக்கார்னுதான் நெனச்சேன், சேர். அதான் எப்ப வருவார்னு கேட்டேன்."

சட்டத்தரணி கேள்வியை அத்தோடு விட்டிருக்கலாம்.

"அதற்கு என்ன சொன்னார்?"

"வரமாட்டாருன்னு சொன்னிச்சு. பொலிஸ்ல இத யாரும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

சாந்தி முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். எழுத்து மாறாமல் சிங்களத்தில் சொன்னேன்: வரமாட்டார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவரையும் அப்படித்தான் சொல்வோம். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.