ஃபெர்மின் கேமராவில் என் லென்ஸ்

அன்புள்ள எவுலாலியா,

நீயும் நம் மகள் நொயெமியும் சுகமா? இங்கே மொந்தெர்ரே நகரத்தில் வெயிலைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஃபோட்டோ ஸ்டுடியோவில் கூட வேலை செய்யும் ஃபெர்மின், பெரிய சென்சார் உள்ள ஃபுல்-ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா வாங்கிவிட்டான். எல்லோரும் அவனையே சுற்றுகிறார்கள். சனிக்கிழமை ஒரு பெண்ணின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா. பழைய சின்ன கேமராவின் லென்ஸையே புதியதில் மாட்டிக்கொண்டு வந்தான். அந்தச் சின்ன லென்ஸ் பெரிய சென்சார் முழுக்க எட்டாமல், படத்தில் நான்கு மூலையும் கறுப்பு.

"என்னடா, சாவி ஓட்டை வழியா எடுத்தியா?" என்றேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

"அண்ணே, உங்க ஃபிலிம் காலத்து லென்ஸ் இதுக்குப் பொருந்தும். இணைச்சு மாட்டுற அடாப்டர் எங்கிட்ட இருக்கு, குடுங்கண்ணே!"

கொடுத்துத் தொலைத்தேன். விழா வழக்கப்படி அந்தப் பெண்ணின் அப்பா மண்டியிட்டு, மகளின் தட்டைச் செருப்பைக் கழற்றி, முதல் ஹீல்ஸை மாட்டிவிட்டதை அதில்தான் எடுத்தான். பார்த்தவர்களெல்லாம் அழுதார்கள். நீயும் போனில் பார்த்துவிட்டு, 'ஃபெர்மினுக்கு என்ன கைவண்ணம்!' என்று எழுதியிருந்தாய். லென்ஸ் என்னுடையதடி!

மே மாதம் நொயெமியின் பதினைந்தாம் பிறந்தநாள் விழாவுக்கு அவனைக் கூப்பிடவே கூடாது, எல்லாப் படமும் நானே எடுப்பேன் என்று இருந்தேன். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: ஹீல்ஸ் மாட்டும் அந்த நேரம் நானல்லவா அவள் காலடியில் மண்டியிட்டிருப்பேன்?

அவள் கால் அளவை உடனே எழுது. நான் பார்த்த கால் இந்நேரம் வளர்ந்திருக்கும். ஃபெர்மினையும் அழைத்து வருகிறேன். லென்ஸ் நான் தருகிறேன்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

உன்
அனிசெத்தோ