வண்டி நின்ற இடங்கள்

அக். 11, சனி

காலையிலிருந்து மூடாக்கு. மழை இல்லை. பள்ளி ஆபீசில் அரை நாள் வேலை. சாப்பிட்டுவிட்டு, மாமனாரிடம் தையல் வகுப்பு என்று சொல்லிக் கிளம்பினேன். வழக்கமான பொய்.

சுருளிப்பட்டித் தோட்டம். அப்பா திராட்சைப் பந்தலுக்குள் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். இருமல் குறையவில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாராம். அவரும் பொய்தான் சொல்கிறார்.

வேதக்காரப் பையனை, கிறிஸ்தவனைக் கட்டிக்கொண்டேன் என்று அண்ணன் இன்னும் என்னை வீட்டுக்குள் விடுவதில்லை. இந்தப் பக்கம் இவர், என் வீட்டுக்காரர். இவருடைய அம்மா இறந்தபோது எங்கள் வீட்டிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அன்றைக்குச் சொன்னார், "இனிமே அவுக வாசல நீ மிதிக்கக் கூடாது." மிதிக்கவில்லையே. தோட்டத்துக்கு ஏது வாசல்?

பெரிதாக ஒன்றும் பேசவில்லை. மருந்து விலை, மழை, அண்ணன் மகன் படிப்பு. கிளம்பும்போது மட்டும் தலையில் கை வைத்தார்.

அக். 14, செவ்வாய்

தூறல். கரண்ட் போய்ப் போய் வந்தது. வாங்க வேண்டியது: பாமாயில், சோப்பு, மாமாவுக்குக் கண் சொட்டு மருந்து. சாயங்காலம் கோவிலில் ஜெபமாலை.

ராத்திரி மஸ்கட்டிலிருந்து இவர் போன். பேட்டரி ஸ்கூட்டர் வண்டியில் சார்ஜ் கம்மியாக இருக்கிறது, போட்டு வை என்றார். அங்கே உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது எப்போதும் சிரிப்பாக இருக்கும். பெண் பேரில் எடுத்தால் சலுகை என்று ஆர்.சி. என் பேரில். வண்டிக்கான ஆப் மட்டும் என் பழைய போனில் ஏறவில்லை. அதனால் லீவில் வந்திருந்தவர் தன் போனில் போட்டுக்கொண்டார். லீவு முடிந்ததும் ஆப்பும் மஸ்கட் போய்விட்டது.

சனிக்கிழமை எங்கே போனாய் என்று கேட்டார். தையல் என்றேன். சரி என்றார். வேறு ஏதோ சொல்ல வந்தமாதிரி இருந்தது.

அக். 18, சனி

வெயில். தீபாவளிக் கூட்டம். அப்பாவுக்கு வேட்டி எடுக்கத் தோட்டத்துக்குப் போகிற வழியில் காமயகவுண்டன்பட்டியில் நிறுத்தினேன். பிறந்த வீட்டிலிருந்து மகளுக்குச் சீர் வரும் தீபாவளி. எங்கள் கதையில் எல்லாம் தலைகீழ். எட்டு முழம், பச்சைக் கரை.

வெளியே வந்தால் வண்டி எடுக்கவில்லை. திரையில் 'லாக்டு பை ஓனர்'. ஓனர் நான்தானே, நான் எங்கே பூட்டினேன்? சாவியை எத்தனை தடவை அமுக்கினாலும் அதேதான். சக்கரமும் உருளவில்லை. கஸ்டமர் கேரில் ஒரு பெண், ஆப்பில் பதிவான நம்பரிலிருந்து கூப்பிடுங்கள் மேடம் என்றாள். ஆர்.சி. என் பேரில் இருக்கிறது என்றேன். அது வேறு, இது வேறு என்றாள். இவருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. டூட்டி நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மெக்கானிக் இப்போது வருகிறேன், இப்போது வருகிறேன் என்றே இருட்டாக்கிவிட்டார். வண்டியை ஜவுளிக்கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு, ராயப்பன்பட்டிக்குத் திரும்பினேன். அப்பாவிடம் போன் கிடையாது. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

அக். 19, ஞாயிறு

அப்பா செத்துப்போனார். நேற்று, தோட்டத்தில்.

காலையில் பேச்சியம்மாக்கா யாரிடமோ என் நம்பர் வாங்கிப் போன் செய்தது. தோட்டத்தில் கொடி கட்டுகிற அக்கா. பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்படியே ஆட்டோ பிடித்துப் போனேன். தெருமுனையில் அண்ணன் மறிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வாசலை மிதித்தேன். வேட்டியைக் கால்மாட்டில் வைத்தேன். யாரோ எடுத்து ஓரமாகப் போட்டார்கள்.

திரும்பும்போது பேச்சியம்மாக்கா பின்னாலேயே வந்து சொன்னது.

"சாயந்தரம் வரைக்கும் பந்தலுக்கு வெளியவே நின்னாக. வெயிலா இருக்கு, உள்ள வாங்கன்னேன். எம்மக வண்டி சத்தமே கேக்காது, பாத்துக்கிட்டேதான் இருக்கணும்னாக. நான் தழை அள்ளப் போயிட்டேன் ஆத்தா. வந்து பாத்தா அங்கன சாஞ்சு கெடக்காக."

ஆட்டோவில் வரும்போது அழுகை வரவில்லை. பஸ் இருந்தது. நேற்று அந்த ரோட்டில் எத்தனை பஸ் போனது. வண்டியை யாராவது தூக்கிப்போனால் போகட்டும் என்று ஏறியிருக்கலாம். எனக்கு வண்டிதான் பெரிதாகத் தெரிந்தது.

ராத்திரி இவர் கூப்பிட்டார். விஷயம் தெரியாது. குரலே வேறு மாதிரி.

"நான்தான் பூட்டுனேன். வாராவாரம் அந்தத் தோட்டத்துல மணிக்கணக்கா நிக்கிது வண்டி. வீடுமில்ல, ஒன்னுமில்ல. அங்கன யாரு?"

ஆப்பில் அதெல்லாம் தெரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வண்டி நின்ற இடத்தில் ஒரு புள்ளி விழுமாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதில் தெரியமாட்டார்.

"எங்கப்பா. நேத்து செத்துட்டாக."

போன் கட்டாகிவிட்டது. அவர் கட் செய்தாரா, நெட்டா தெரியவில்லை.

அக். 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. காலையில் வெறும் காபி. மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கிட்டச் சொல்லிருந்தா நானே கூட்டிப்போயிருப்பேனேம்மா என்றார். அதைக் கேட்ட பிறகுதான் அழுதேன்.

அக். 22, புதன்

கன மழை. இவர் பூட்டை எடுத்துவிட்டாராம், வாய்ஸ் மெசேஜ். மாமா போய் வண்டியை ஓட்டிவந்தார். நான் தொடவில்லை. மழை ஓய்ந்ததும் சேறு மட்டும் கழுவினேன்.

அக். 27, திங்கள்

லீவு போட்டேன். புதுப் போன் வாங்கிக்கொண்டு கம்பம் ஷோரூம். ஆர்.சி.யைக் காட்டி, ஆப்பை என் நம்பருக்கு மாற்றச் சொன்னேன். என் வண்டியை எனக்குத் தர அவருக்கு ஓ.டி.பி. போனது. உடனே அனுப்பிவைத்தார். கூடவே ஒரு வார்த்தையும் இல்லை.

மாறிவிட்டது. இனி நான் பூட்டினால்தான் பூட்டு. ஆனால் என் ஆப்பில் பயணம் என்ற இடம் காலி. பழைய பயணங்கள் பழைய கணக்கோடு இருக்கும், அடுத்தவர் விவரம், தனியுரிமை, தர முடியாது என்றான் ஷோரூம் பையன். நான் ஓட்டிய வண்டி. நான் போன ரோடு. நான் எப்படி அடுத்தவர்?

அப்பாவோடு ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. யார் கண்ணிலாவது பட்டால் என்னாவது என்ற பயம். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம் என்பதற்கு எங்காவது அடையாளம் இருக்கிறது என்றால் அது இவர் போனில் இருக்கிற சனிக்கிழமைகள்தான். அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். போனை எடுத்து எடுத்து வைத்தேன். என் கோபம் கொஞ்சம் ஆறட்டும்.

அக். 30, வியாழன்

வெயில். மாவு அரைத்தாயிற்று. ஒண்ணாம் தேதி பூசையில் அப்பா பெயரை வாசிக்கலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றார் பாதர். எழுதிக் கொடுத்தேன்.

இவரிடம் இன்னும் கேட்கவில்லை. சனிக்கிழமை கட்டாயம்.

நவ. 1, சனி

காலைப் பூசை. அப்பா பெயரை வாசித்தார்கள். வெளியே வந்து போனைப் பார்த்தால் இவரிடமிருந்து மெசேஜ். விடியற்காலையிலேயே போட்டிருக்கிறார்.

"மன்னிச்சிரும்மா. ஒன்ன வேவு பாத்ததே தப்பு. என் போன்ல இருந்த ஒன்னோட பயணம் பூராத்தையும் அழிச்சிட்டேன். வண்டிக் கம்பெனிக்கும் எழுதி அங்க இருந்ததையும் அழிக்கச் சொல்லிட்டேன். இனிமே ஒன்னுமே இல்ல."

நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார். அங்கே இன்னும் காலைச் சாப்பாடு ஆகியிருக்காது.

சரி என்று போட்டேன்.