டேப் பொத்தான்

செப்டம்பர் 24, 2025

நிரல் எழுதும் புது எடிட்டரை இன்று ஆபீஸில் எல்லாருக்கும் போட்டாயிற்று. என் கம்ப்யூட்டரில் ஒரு வருஷமாக வைத்திருப்பதுதான். முதலாளி கலையரசன் சாரை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் மீதி நிரலை அதுவே எழுதிக் காட்டும், டேப் பொத்தானைத் தட்டினால் போதும். இனியா மட்டும் வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்குப் பழைய வெள்ளைத் திரையே போதுமாம். டைப்ரைட்டர் மேடம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அக்டோபர் 6

பௌர்ணமி. வாடகை கம்மி என்று வேங்கிக்காலிலிருந்து அடி அண்ணாமலைக்கு ஆபீஸ் மாறிய பிறகு வரும் முதல் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் ஏற ஏற போனில் சிக்னல் செத்துவிட்டது. எங்களுக்கு நெட்டே அதுதான். எடிட்டருக்கும்.

கீழ்பென்னாத்தூர் வேன்காரர் அன்பரசன் லேப்டாப்போடு ஓடி வந்தார். நாங்கள் செய்துகொடுத்த புக்கிங் மென்பொருள், நள்ளிரவைத் தாண்டி ஓடும் ஒரே வேனை இன்றைய தேதியில் ஒரு தடவை, நாளைய தேதியில் ஒரு தடவை விற்கிறது. ஒரே சீட்டுக்கு இரண்டு பேர். சின்னத் திருத்தம்தான். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அவரைக் கீழே அனுப்பினேன்.

உட்கார்ந்தேன். விரல் டேப் மேலேயே இருந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. எப்படி ஆரம்பிக்கணும்னே தெரியல — ஒரு வருஷமா நான் எழுதுனதெல்லாம் யார் எழுதுனது?

இனியா எழுந்து வந்தாள். "தள்ளு மாறா, நான் பாக்குறேன்." அவ்வளவுதான் சொன்னாள். முடித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். அன்பரசன் திரும்பி வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் வாங்கிக்கொண்டேன்.

அக்டோபர் 7

நெட் இல்லாமலே முடித்துவிட்டாயாமே என்று சார் தட்டிக்கொடுத்தார். இனியாவுக்கு முன்னால். வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

அக்டோபர் 8

இனியா திட்டினால்கூடத் தேவலை.

அக்டோபர் 27

புதிதாக இரண்டு பேர் சேரப்போகிறார்கள். நான்தான் டீம் லீடாம். அந்த வேன் நிரலையே முதல் பாடமாக எடுக்கச் சொல்கிறார் சார். இனியா என்னைவிட மூத்தவள், அந்த இடம் அவளுக்குத்தான் வர வேண்டியது. ச்சீ.

நவம்பர் 3

முதல் பாடம். புதிதாகச் சேர்ந்த கவிநிலா, வேன் நிரலில் தேதியை விட்டுவிட்டு வேன் கிளம்பும் நேரத்தை ஏன் சரிபார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஏதோ ஒரு கதை வாய் வரை வந்தது. இனியா தலையே நிமிரவில்லை.

"இதை நான் எழுதலங்க. எனக்கு வரல. இனியா எழுதுனது, அவங்களே சொல்லட்டும்."

சார் கதவருகில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. இனியா பலகைக்குப் போனாள். நான் புதியவர்கள் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நவம்பர் 5

பௌர்ணமி. சிக்னல் இல்லை. நேற்றிலிருந்து இனியாதான் டீம் லீடு. காலையிலிருந்து வெள்ளைத் திரையில் நானே தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை மேல் பிழை.

சாயங்காலம் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள்.

"டைப்ரைட்டர் எப்படி இருக்கு?"

ஓட மாட்டேங்குது என்றேன். தோளிலிருந்து பையை இறக்கிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எந்த வரி?"