ஆறடி, பதினேழு வினாடி

டிசம்பர் 9, அஸ்டோரியா
எனக்கு நண்டு பிடித்துத் தரும் ரெய்னோ நாளைக்குப் படகு எடுக்கமாட்டானாம். போர்ட்லாண்ட் கடைக்காரருக்கு வெள்ளிக்கிழமை எண்ணூறு பவுண்டு உயிர் நண்டு தருவதாக நான் சொல்லியாயிற்று. ஒரே ஒரு ஐஸ் பெட்டியோடு இந்தப் படகுத்துறையில் நண்டு வாங்க வந்தவள் நான். சொன்ன சொல்லை மாற்றியதில்லை.

கடல் வானிலை அறிக்கையில் நாளை அலை ஆறடி. போன வாரம் பத்தடியில் போய் வந்தவன்! கேட்டால், "உசரத்த மட்டும் பாக்காதக்கா. ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தன வினாடின்னு பாரு" என்கிறான். பதினேழு. அவ்வளவு இடைவெளி இருந்தால் நல்லதுதானே?

"கல்யாணம் ஆனதும் கால் நனையக்கூடாதுன்னு ஆயிடுச்சா தம்பி?" என்றேன், மற்ற படகுக்காரர்கள் முன்னால். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

டிசம்பர் 10
விடியுமுன் போய்விட்டான். அப்போது அந்தப் பதினேழு வினாடி அலை வந்து சேர்ந்திருக்கவில்லை.

மதியம். காற்றே இல்லை, கடல் எண்ணெய் மாதிரி. ஆனால் ஆற்றுவாய் மணல்திட்டில் சுவர் சுவராக எழுந்து உடைகிறது. கடலோரக் காவல்படை வழியை மூடிவிட்டது. ரெய்னோ வெளியே.

டீசல் போடும் மார்லிஸிடம் ஓடினேன், படகுகளோடு பேசும் வானொலி அவளிடம்தான். அலை தணியும்வரை வெளியேதான் நிற்பேன் என்றானாம் ரெய்னோ. காற்றில்லாமல் இது எங்கிருந்து வருகிறது? மூன்று நாள் முன்பு, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் அடித்த புயலாம். அந்தத் தண்ணீர் வரவில்லை, அதன் தள்ளுதான் வருகிறது. நம் ஆட்கள் வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றுவது போல: கூடை வரும், ஆள் நகரமாட்டான். இடைவெளி நீண்ட அலைதான் வேகமாக ஓடி முதலில் வரும். ஆழம்வரை அசைக்கும். மணல்திட்டு அடியில் இழுத்துப் பிடித்ததும் பின்னால் வருவது நெருக்க, தலை தூக்கும். ஆறடி பன்னிரண்டடி ஆகும்.

"நீ எட பாத்து வாங்குறவ. இது எடையெல்லாம் உள்ள ஒளிச்சு வெச்சிருக்கிற சரக்குடி" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் அவன? எனக்கென்ன தெரியும், தராசுக்கு இந்தப் பக்கம் நிக்கிறவளுக்கு—

டிசம்பர் 11
காலை, கடல் ஏறி மணல்திட்டில் ஆழம் கூடும் நேரம் பார்த்து உள்ளே நுழைந்தான். படகின் முன்கண்ணாடி இல்லை. நெற்றியில் ரத்தம் காய்ந்திருந்தது. நண்டைத் தராசில் கொட்டினான். என்னைப் பார்க்கவில்லை.

எண்ணூறும் போர்ட்லாண்ட் போய்ச் சேர்ந்தது.

டிசம்பர் 13
ரெய்னோ நண்டை இறக்கிவிட்டு, காபிக்கு நிற்காமல் போனான்.

டிசம்பர் 18
ஐந்தடி, பத்தொன்பது வினாடி. நல்ல வெயில். போர்ட்லாண்ட்காரர் போனில் கெஞ்சினார், அப்புறம் வேறு ஆள் பார்ப்பேன் என்றார். பாருங்கள் என்றேன். துறையில் படகுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் கயிற்றை அவிழ்த்தால் எல்லோரும் அவிழ்ப்பார்கள். தராசைத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டினேன். இன்றும் நாளையும் வாங்குவதாக இல்லை.

ஏழு படகும் கட்டிக் கிடந்தன. பத்து மணிக்கு ரெய்னோ வந்தான். மூடின தராசைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காபி இருக்காக்கா?" என்றான்.