துவைக்காத புடவை

விருத்தாசலம்
18.11.2024

என் அன்பு அக்காவுக்கு,

அரசி எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் கிடைத்த பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் உன் பிள்ளை பழமலை அழுததைத்தான் கேட்டாய். மீதிச் செய்தியை எழுதுகிறேன்.

நீ காவலர் பயிற்சிக்குப் போனதிலிருந்து அம்மா செராமிக் கம்பெனிக்கு லீவு போட்டு உன் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். "இன்னும் பத்து நாளுதான், அப்புறம் வேற ஆளப் போட்டுக்குவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எனக்கும் அரையாண்டுத் தேர்வு வருகிறது. அதனால் பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளைத் தேடுகிறேன். நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் புத்தகம் எடுத்துப் படித்து, வருகிறவர்களிடம் கேட்கப் பத்துக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதலில் வந்தவர் ஜங்ஷன் பக்கத்து விருத்தாம்பாள். மூன்றாவது கேள்வியிலேயே, "புள்ளயப் பாக்கக் கூப்டியா, கலெக்டர் வேலைக்குக் கூப்டியா?" என்று எழுந்து போய்விட்டார். இரண்டாவது ஆள், குழந்தையைத் தன் வீட்டில் கொண்டுவந்து விடச் சொன்னார். போய்ப் பார்த்தேன். ஏற்கெனவே ஐந்து குழந்தைகள், ஒரு டிவி. ஒரு குழந்தைகூட அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உன் தங்கை,
அன்புக்கரசி

24.11.2024

அன்பு அரசி,

விடியற்காலை ஓட்டத்தில் கால் வீங்கியிருக்கிறது. பழமலையின் அப்பா இறந்த பிறகு எனக்கென்று கிடைத்தது இந்த வேலை ஒன்றுதான், அதனால் ஓடுகிறேன்.

யாரை வேண்டுமானாலும் வை. பிள்ளையை அடிக்காதவளாக இருந்தால் போதும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. பொங்கல் லீவில் வரும்போது அவனுக்கு என்னைத் தெரிய வேண்டும். ஒன்பது மாதக் குழந்தை இரண்டு மாதத்தில் மறந்துவிடும் என்று இங்கே ஒருத்தி சொன்னாள். அவளோடு நான் இப்போது பேசுவதில்லை.

என் போட்டோவை அவனுக்குத் தினமும் காட்டு. அவன் தூங்க ஏணை கட்டியிருக்கும் என் நீலப் புடவையைத் துவைத்துவிடாதே.

உன் அக்கா,
பானு

1.12.2024

என் அன்பு அக்காவுக்கு,

ஆள் கிடைத்துவிட்டார்! ராஜாம்பாள் அக்கா. அம்மாவோடு அகல் விளக்கு அடுக்கும் வேலையில் இருந்தவர். நான் நோட்டைத் திறப்பதற்கு முன்பே அவர் என்னைக் கேட்டார். "புள்ள எதப் புடிச்சிக்கிட்டு தூங்கும் பாப்பா?" என் பத்துக் கேள்விகளில் இது இல்லை.

முதல் இரண்டு நாள் அவர் தொட்டாலே அழுதான். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏணையை அவிழ்த்து, அந்தப் புடவையை அவரைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "ஐயோ, பெத்தவ பொடவடி, எனக்கு எதுக்கு?" என்று மறுத்தார். நான்தான் வற்புறுத்தினேன். கட்டிக்கொண்டு தூக்கினார். பழமலை முந்தானையில் மூக்கைத் தேய்த்தான், கண்ணை மூடினான், தூங்கிவிட்டான்! உன் வாசனை அவன் கூடவே இருக்கிறது அக்கா.

உன் தங்கை,
அன்புக்கரசி

8.12.2024

அன்பு அரசி,

நல்ல யோசனை. படித்துவிட்டு இரண்டு முறை அழுதேன், சந்தோஷத்தில்தான். அந்தப் புடவையையே கட்டட்டும். பொங்கலுக்கு வருகிறேன்.

அக்கா

19.1.2025

அன்பு அக்காவுக்கு,

லீவு முடிய ஒரு நாள் இருக்கும்போதே பயிற்சியில் கூப்பிட்டார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாய். யாரும் கூப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீ கையை நீட்டியதும் அவன் ராஜாம்பாள் அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "அம்மாடா சாமி, போடா" என்று அவர் கெஞ்சினார். அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். புடவையை வாங்கி உன்னைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். முந்தானையில் மூக்கைத் தேய்த்தான். பிறகு நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தான். அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

அந்தப் புடவையில் யாருடைய வாசனை இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை அக்கா. ஒன்றரை மாதம் அதை அவர் உடுத்தியிருந்தார். உன் பிள்ளையை உன்னிடமிருந்து பிரித்தது நான்தான்.

அம்மா ராஜாம்பாள் அக்காவை நிறுத்திவிடச் சொல்கிறாள். "வேற ஆளு பாரு, இவகிட்ட ரொம்ப ஒட்டிக்கிச்சு" என்கிறாள். அவரும், "நானே நின்னுக்கறேன் பாப்பா, எனக்கே மனசு கேக்கல" என்கிறார். என்ன செய்யட்டும்? உடனே எழுது.

அரசி

27.1.2025

அரசி,

நல்ல யோசனை என்று நானும்தான் எழுதினேன். நீ அழாதே, படி.

ராஜாம்பாள் அக்காவை நிறுத்தாதே. ஒட்டிக்கொண்டவளை அவன் இரண்டாம் முறையும் இழக்க வேண்டாம். பயிற்சி முடிந்தாலும் முதலில் வெளியூரில்தான் வேலை போடுவார்கள் என்கிறார்கள். அதுவரை அவர் இருக்கட்டும். புடவையைத் துவைத்து அவருக்கே கொடுத்துவிடு. போட்டோ காட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவனைப் போன் பக்கம் கொண்டுவராதே, பயப்படுவான்.

ஒன்று மட்டும் செய். அவன் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைப் பார்சலில் அனுப்பு.

துவைக்காமல்.

பானுமதி